குளியலறைக் குழாயில் வந்த மீன்

கேட்டவரின் கேள்வி இது: "நிலத்தடி நீருக்குள், ஆள் இறங்க வழியே இல்லாத இடுக்குகளில் கண்ணில்லாத மீன்கள் வாழ்வதாகப் படித்தேன். போய்ப் பார்க்கவே முடியாத உயிரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எப்படி ஆராய்கிறார்கள்? அவற்றுக்குக் கண் ஏன் போயிற்று?"

முதல் பாதிக்கு ஒரு வரியில் பதில் உண்டு. ஆய்வாளர் மீனிடம் போவதில்லை. மீன் யாராவது ஒருவர் வீட்டு வாளிக்கு வந்து சேரும்வரை காத்திருக்கிறார். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இந்தத் துறையில் வலை, பொறி, நுண்ணோக்கி எல்லாவற்றையும்விட அதிகம் கண்டுபிடித்துக் கொடுத்த கருவி, கிணறு வைத்திருக்கும் குடும்பம்தான். இந்த உயிர்கள் டெக்சாஸிலும் ஸ்லோவேனியாவிலும் உண்டு. போகிற போக்கில் தொடுகிறேன். விரிவாகச் சொல்லக் கேரளத்தை எடுத்துக்கொள்கிறேன். மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் வருஷத்துக்கு ஒரு தரம் தூர் வாருவதும் தெரிந்தவர்களுக்கு அந்தக் கதை சட்டென்று பிடிபடும்.

முதலில் தரை. கேரளத்தின் இடைநாடு, கடலோரம் என்று பெரும்பகுதியும் லேட்டரைட் மேல் உட்கார்ந்திருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் செம்பூரான் கல் என்பார்கள், மலையாளத்தில் வெட்டுகல்லு. அந்த லேட்டரைட் என்ற பெயரே கேரளத்தில் பிறந்ததுதான். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1800இல் மலப்புரம் மாவட்டத்து அங்காடிப்புரத்தில் ஆட்கள் தரையிலிருந்து கல்லைச் செங்கல் செங்கல்லாக வெட்டி எடுப்பதைப் பார்த்துவிட்டு, 1807இல் வெளிவந்த தன் பயண நூலில், செங்கல்லுக்கான லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயரை வைத்தார். காலங்காலமாக மழை பாறையைக் கரைத்து சிலிக்காவை அடித்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் மிஞ்சி இறுகியதுதான் இந்தக் கல். கறையான் அரித்த பலகை மாதிரி உள்ளெல்லாம் துளை. அதற்குக் கீழே மென்மையான களிமண் அடுக்கு ஒன்று இருக்கும். அதை நீர் அரித்து அரித்துக் குழாய் போன்ற வழிகளை உண்டாக்கிவிடும். மீன் வாழ்வது இந்தத் துளைகளிலும் வழிகளிலும்தான். குகை என்று நினைத்துவிடாதீர்கள். குகை என்றால் டார்ச் எடுத்துக்கொண்டு போகலாம். இங்கே கை நுழைந்தால் பெரிய விஷயம்.

அப்படியானால் எட்டிப் பார்க்க ஒரே ஜன்னல் கிணறு. கேரளத்தில் அதற்குப் பஞ்சமில்லை. கடலோரப் பகுதியில் சதுர கிலோமீட்டருக்கு 200 திறந்த கிணறு, இடைநாட்டில் 150 என்பது நிலத்தடி நீர்த் துறையினர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வீட்டுக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு விஞ்ஞானி நிதி கேட்டு இவ்வளவு குழிகளைத் தோண்டச் சொன்னால் எந்த அரசாவது கொடுக்குமா? மக்கள் குடிக்கத் தண்ணீர் வேண்டித் தாங்களே தோண்டி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஜன்னல் வழியாக முதலில் தெரிந்தது ஒரு கெளுத்தி. 1950இல் ஏ.ஜி.கே. மேனன் கோட்டயத்துக் கிணறுகளில் கிடைத்த ஒரு மீனுக்கு ஹோராகிளானிஸ் கிருஷ்ணாய் என்று பெயர் வைத்தார். நடக்கும் கெளுத்தி என்று சொல்வோமே, அந்தக் குடும்பம். ஆனால் நீளம் சுமார் நான்கு சென்டிமீட்டர், சுண்டுவிரல்கூட இல்லை. கண் இல்லை, தோலில் நிறமி இல்லை. நிறமி இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தம் அப்படியே தெரியும். மீன் இளஞ்சிவப்பாக இருக்கும். கிணற்று நீரில் இதைப் பார்க்கிறவருக்கு மீன் என்றே தோன்றாது, புழு என்று நினைத்துச் சாக்கடையில் கொட்டிவிடுவார். இத்தனை வருஷம் எத்தனை அரிய மீன் அப்படிப் போயிற்றோ!

அதற்கடுத்த இனம் பெயர் பெற ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2004இல் ஹோராகிளானிஸ் அலிகுஞ்ஞீ, 2012இல் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாலக்குடாவிலிருந்து ஹோராகிளானிஸ் அப்துல்கலாமி. ஆமாம், நம் ராமேசுவரத்துக் கலாம்தான். வானத்தை நோக்கி ராக்கெட் விட்டவரின் பெயர், வானத்தையே பார்க்காத மீனுக்கு.

இங்கேதான் ஆராய்ச்சி முறை மாறுகிறது. அதுவரை எப்போதாவது ஒரு மீன் கிடைத்தால் ஒரு கட்டுரை வரும், அவ்வளவுதான். கொச்சியிலுள்ள கேரள மீன்வள, பெருங்கடல் ஆய்வுப் பல்கலைக்கழகத்தின் ராஜீவ் ராகவனும் அவருடைய மாணவர்களும், கூட்டாளிகளான ரால்ஃப் பிரிட்ஸ், நீலேஷ் தஹானுக்கர் ஆகியோரும் தற்செயலை நம்பி உட்காராமல், தற்செயல் நடக்கும் வாய்ப்பைப் பெருக்கினார்கள். ஆறு ஆண்டுகள் கள ஆய்வு. அதில் பாதி வேலை ஊர்க்காரர்களிடம் பேசுவது: இப்படி ஒரு சிவப்பு நூல் தண்ணீரில் நெளிந்தால் கொன்றுவிடாதீர்கள், படம் எடுத்து அனுப்புங்கள், ஒரு பாத்திரத்தில் கிணற்றுத் தண்ணீரிலேயே விட்டு வையுங்கள். தூர் வாரும் நாளைச் சொல்லிவிட்டால் ஆள் வந்துவிடும். பலன் என்ன தெரியுமா? இந்த ஒரு கெளுத்திப் பேரினத்துக்கு மட்டும் 47 புதிய இடங்கள், 65 புதிய மரபணு வரிசைகள். 2023இல் வந்த அந்தக் கட்டுரையில் நான்காவது இனம் ஒன்றும் இருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஹோராகிளானிஸ் பாப்புலி. லத்தீனில் 'மக்களுடையது' என்று பொருள். புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது புரவலரையும் பேராசிரியரையும் குளிரவைப்பது பழைய வழக்கம். கிணற்றுக்காரர்களுக்குக் கொடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அந்தக் கட்டுரையின் உண்மையான செய்தி பெயர் அல்ல. நான்கு இனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியாது. ஆனால் சிஓஐ என்ற மரபணுவைப் படித்துப் பார்த்தால் இனத்துக்கு இனம் நிறைய விலகல். அதாவது இவை மிக நீண்ட காலமாகத் தனித்தனியாகப் பிரிந்து வாழ்கின்றன, ஆனால் உருவம் மட்டும் மாறவில்லை. இதற்கு நான் சொல்லும் விளக்கம் எளிமையானது: மேலே எவ்வளவு வெள்ளம், வறட்சி வந்தாலும் கீழே இருட்டு அதே இருட்டு, வெப்பநிலை ஏறக்குறைய அதேதான், இடுக்கும் அதே இடுக்கு. அங்கே ஒத்துவரும் உடல் ஒன்று அமைந்துவிட்டால் அதைக் கலைக்க எந்தக் காரணமும் இல்லை. இதனால் வகைப்பாட்டாளருக்கு ஒரு தலைவலி: கண்ணால் பார்த்து இனம் பிரிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மரபணு வேண்டும். நல்ல வேளையாக, அதற்கு மீனைக் கொல்ல வேண்டியதில்லை. துடுப்பில் ஒரு துணுக்கை வெட்டி ஆல்கஹாலில் போட்டுவிட்டு மீனைத் திரும்ப விட்டுவிடலாம்.

ஆனால் புதிய இனம் என்று அறிவிக்க வேண்டுமானால் ஒரு மாதிரி உடலாவது காட்சியகத்தில் இருந்தாக வேண்டும். அதை ஃபார்மலினில் பதப்படுத்துவார்கள். எலும்புகளை நிறமேற்றித் தசையைக் கண்ணாடிபோல் தெளியவைத்துப் பார்ப்பது பழைய முறை. மைக்ரோ சிடி ஸ்கேன் புதியது. நிலத்தடி மீன்களில் எலும்பு எவ்வளவு சொல்லும் என்பதற்கு கிரிப்டோகிளானிஸ் ஷாஜி நல்ல எடுத்துக்காட்டு. திருச்சூர் மாவட்டத்தில் கிடைத்து 2011இல் பெயர் பெற்ற கெளுத்தி இது. கண் உண்டு, ஆனால் தோலுக்கடியில். முதுகுத் துடுப்பு கிடையாது. உள்ளே பார்த்தால் தாடை எலும்புகள் வேறெந்தக் கெளுத்தியிலும் இல்லாத மாதிரி. 2014இல் இதற்கென்றே ஒரு தனிக் குடும்பம் ஏற்படுத்த வேண்டியதாயிற்று.

இப்போது தலைப்பில் சொன்ன மீன். செங்கன்னூர் அருகே ஒரு வீட்டில் 2020 இறுதியில் குளிக்கப் பிடித்து வைத்த தண்ணீரில் மெல்லிய சிவப்பு நூல் போல ஏதோ நெளிந்தது. அந்த வீட்டுக்காரர் கொட்டாமல் எடுத்து வைத்தார். கிணற்றிலிருந்து மோட்டார் இழுத்து, தொட்டிக்கு ஏறி, குழாய் வழியாக இறங்கி வந்த மீன் அது. இவ்வளவையும் கடந்து உயிரோடு வந்திருக்கிறது. 2022இல் அதற்கு பாஞ்சியோ பாதாளா என்று பெயர் சூட்டினார்கள். பாதாளம்தான் பாதாளா. இதன் அண்ணன் முறை ஒன்று ஏற்கெனவே 2019இல் கோழிக்கோடு மாவட்டத்துக் கிணறு ஒன்றிலிருந்து வந்திருந்தது: பாஞ்சியோ புஜியா. ஓமப்பொடி மாதிரி இருக்கும் வடநாட்டுத் தின்பண்டமான புஜியாதான் பெயர்க் காரணம். படத்தைப் பார்த்தால் ஒத்துக்கொள்வீர்கள். இன்னொன்று, மதுரைப் பக்கம் மண்சட்டியில் குழம்பு வைக்கிறோமே அயிரை, அதுவும் பாஞ்சியோவும் ஒரே குடும்பம். ஆற்று மணலில் புதைந்து வாழப் பழகிய குடும்பத்தில் ஒரு கிளை இன்னும் கொஞ்சம் கீழே போய்விட்டது என்று சொன்னால் தப்பில்லை.

2018 ஆகஸ்ட் வெள்ளம் இன்னொரு ஜன்னலைத் திறந்தது. நிலத்தடி நீர் நிரம்பி மேலே வழிந்தபோது கீழே இருந்தவையும் கூடவே வந்தன. மலப்புரம் மாவட்டத்தில் ஊரகம் என்ற ஊரின் வயலில் கிடைத்த ஒரு விநோத மீனின் படத்தை யாரோ சமூக வலைத்தளத்தில் போட, அது ராகவன் கண்ணில் பட்டது. 2019இல் வந்த பெயர் ஏனிக்மாசன்னா கோலம். இது நம் விரால் கூட்டத்தோடு தொடர்புடையது. ஆனால் விரால் மூச்சுவிட உதவும், தலைக்குள் இருக்கும் காற்றறை இதற்கு இல்லை, நீச்சல் பையும் குட்டை. மறு வருஷமே இதைத் தனிக் குடும்பமாகப் பிரித்துவிட்டார்கள். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒட்டியிருந்த பழைய பெருங்கண்டமான கோண்டுவானாவின் காலத்திலிருந்து தப்பிவந்த கிளை என்பது அவர்கள் முடிவு. இதற்குக் கண் உண்டு என்பதால் நம் கேள்விக்குக் கொஞ்சம் வெளியேதான். ஆனாலும் பெயர்க் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. கோலம் என்பது ஆங்கில நாவல் ஒன்றில் குகை இருட்டில் ஒளிந்து வாழும் பாத்திரம், நம் வாசல் கோலம் அல்ல. அதே 2019இல் வேறொரு குழு பத்தனம்திட்டா மாவட்டத்தில் கிடைத்த மீனுக்கு ஏனிக்மாசன்னா மகாபலி என்று பெயர் வைத்தது. வாமனன் காலால் மிதித்துப் பாதாளத்துக்கு அனுப்பிய மகாபலி! இரண்டும் தனித்தனி இனமா, ஒன்றா என்பதில் வாதம் நடந்தது. பெயர்ப் போட்டியில் என் ஓட்டு மகாபலிக்கே.

சரி, இப்படித் திறந்த கிணறுகள் இல்லாத ஊரில் என்ன செய்வார்கள்? டெக்சாஸைப் பாருங்கள். சான் மார்கோஸ் ஊரில் 1895இல் மீன் பண்ணைக்காகக் கிட்டத்தட்ட 57 மீட்டர் ஆழத்துக்கு ஓர் ஆழ்குழாய்க் கிணறு போட்டார்கள். தண்ணீர் தானாகப் பீறிட்டு வந்தது. கூடவே வெள்ளை நிறத்தில், கண்ணில்லாத, குச்சிக் கால்களுள்ள ஒரு சாலமாண்டரும் வந்தது. சாலமாண்டர் தவளையின் சொந்தம், பார்க்கப் பல்லி போல இருக்கும். 1896இல் அதை லியோன்ஹார்ட் ஸ்டைனெகர் விவரித்தார். அந்த ஊரில் கையாளும் முறை குழாய் வாயில் வலை கட்டுவது. ஊற்றுக்கண்ணிலும் கிணற்று வாயிலும் நுண்ணிய வலையைக் கட்டி வைத்துவிட்டு அவ்வப்போது போய் அவிழ்த்துப் பார்ப்பார்கள். கீழே எட்வர்ட்ஸ் என்ற சுண்ணாம்புப் பாறை நீர்த்தேக்கம். கிளென் லாங்லி என்ற ஆய்வாளர் 1981இல் 'உலகின் மிகப் பல்வகை நிலத்தடி நீர்ச் சூழல் இதுதானா?' என்று கேள்விக்குறியோடு தலைப்பிட்டு ஒரு கட்டுரையே எழுதினார். சான் அந்தோனியோ நகரத்துக்கடியில் 300 மீட்டருக்கும் கீழிருந்து இரண்டு வகைக் குருட்டுக் கெளுத்திகள் குழாய்க் கிணறுகள் வழியே வந்திருக்கின்றன. ஒன்று பல்லில்லாதது, மற்றது அகன்ற வாயோடு பிற உயிர்களை விழுங்குவது. அவ்வளவு ஆழத்தில் தின்கிறதும் தின்னப்படுகிறதும் இருக்கிறது என்றால் அங்கே ஒரு முழு உலகமே இருக்கிறது என்று பொருள்.

காத்திருக்கவும் பொறுமையில்லாதவர்களுக்கு இப்போது ஒரு குறுக்கு வழி உண்டு: தண்ணீரை மட்டும் எடுத்து அதில் கரைந்து கிடக்கும் டிஎன்ஏவைத் தேடுவது. தோல், சளி, எச்சம் எல்லாவற்றிலிருந்தும் அது நீரில் கலக்கும். ஸ்லோவேனியா, குரோவேஷியா பக்கத்துச் சுண்ணாம்பு மலைகளில் வாழும் ஓல்ம் என்ற குருட்டுச் சாலமாண்டரை இப்படித்தான் ஊற்று நீரை வடிகட்டித் தேடினார்கள், 2017இல் முடிவுகள் வந்தன. முன்பு தெரியாத இடங்களிலும் அது இருப்பது புலப்பட்டது. ஆனால் இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. நீரில் இருக்கும் டிஎன்ஏ யாருடையது என்று சொல்ல, ஒப்பிட்டுப் பார்க்க முன்பே படித்து வைத்த வரிசை வேண்டும். அதற்கு முதல் மீன் ஒன்று யார் வாளியிலாவது வந்திருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறோம்.

ஓல்மைப் பற்றி இன்னும் இரண்டு வரி, ஏனென்றால் இந்த உயிர்களை ஆராய ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது என்பது அதில் தெரியும். பிரான்சில் முலிஸ் என்ற இடத்தில் 1950களிலிருந்து அதைக் குகைக்குள்ளேயே வளர்க்கிறார்கள். அந்தப் பதிவுகளை வைத்து 2011இல் போட்ட கணக்கில் சராசரி ஆயுள் 68 ஆண்டுக்கு மேல், அதிகபட்சம் நூறைத் தாண்டும். முட்டையிடுவது சராசரியாகப் பன்னிரண்டரை வருஷத்துக்கு ஒரு தரம். போஸ்னியா-ஹெர்ஸகோவினாவில் நீருக்கடியில் அடையாளமிட்டுக் கவனித்தபோது ஒரு ஓல்ம் 2,569 நாள் அதே இடத்தில் இருந்தது. ஏழு வருஷம்! முனைவர் பட்டத்துக்கு வந்த மாணவர் பட்டம் வாங்கிப் போயிருப்பார், அது இடத்தை விட்டு அசையவில்லை.

இனி கண். "பயன்படுத்தாததால் தேய்ந்து போயிற்று" என்று பள்ளியில் சொல்லிவிடுவார்கள். அது சரியான விளக்கம் இல்லை. நீங்கள் வாழ்நாள் முழுக்கக் கண்ணைக் கட்டிக்கொண்டு இருந்தாலும் உங்கள் பிள்ளை கண்ணோடுதான் பிறக்கும். நடந்தது வேறு. இருட்டில் கண்ணைக் கெடுக்கும் மரபணு மாற்றம் ஒன்று வந்தால், அதைச் சுமக்கும் மீனுக்கு நஷ்டம் எதுவும் இல்லை; மேலே என்றால் அது இரண்டாம் நாளே கொக்குக்கு இரை. ஆகவே அப்படிப்பட்ட மாற்றங்கள் கழிக்கப்படாமல் சேர்ந்துகொண்டே போகும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கண் என்பது தீனி கேட்கும் உறுப்பு. அதையும் அதற்கான மூளைப் பகுதியையும் வைத்துக்கொள்ளச் சக்தி செலவாகும். இதை மெக்சிகோக் குகை மீனில் அளந்தே பார்த்தார்கள். 2015இல் வெளிவந்த ஆய்வின்படி ஒரு கிராம் எடையுள்ள இளம் மீன் சும்மா இருக்கும்போது செலவிடும் சக்தியில் 15 சதவீதம் பார்வைக்கே போகிறது. வளர்ந்த மீனில் அது 5 சதவீதம். வெளிச்சமில்லாததால் தாவரமே முளைக்காத இடம் அது. மேலிருந்து மழைநீரோடு இறங்கும் மக்கிய இலையும், வேர்த் துணுக்கும், பாக்டீரியாவும், அவற்றைத் தின்னும் கூனி போன்ற பொடி உயிர்களும்தான் சாப்பாடு. அங்கே ஏழில் ஒரு பங்கு மிச்சம் என்பது வாழ்வா சாவா என்ற கணக்கு.

அதே மெக்சிகோ மீனில் இன்னொரு சோதனை. அதன் கரு வளரும்போது கண் உருவாகத் தொடங்கும், பிறகு கண்வில்லை செத்து, கண் உள்ளே அமுங்கிவிடும். கண்ணுள்ள ஆற்று மீனின் கருவிலிருந்து வில்லையை எடுத்துக் குகை மீனின் கருவில் வைத்தபோது குகை மீனுக்குக் கண் வளர்ந்தது. 2000இல் யமமோட்டோவும் ஜெஃப்ரியும் செய்தது. கண் செய்யும் முறையை அந்த மீன் முழுவதுமாக மறந்துவிடவில்லை, வழியில் ஒரு இடத்தில் நிறுத்திக்கொள்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது.

இந்த மீன்களுக்கு இருக்கும் ஆபத்தைக் கேட்டவர் கேட்கவில்லை, ஆனால் ஆராய்ச்சியோடு பிணைந்தது அது. கிணறு ஜன்னல் மட்டுமல்ல, மருந்து ஊற்றும் வாயும்கூட. வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் முழுக்கக் கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். காலராவும் எலிக்காய்ச்சலும் பரவாமலிருக்க அது அவசியம், குறை சொல்ல முடியாது. ஆனால் குளோரின் மீனுக்கு விஷம். அப்புறம் கொசுப்புழுவைத் தின்ன என்று கிணற்றில் கம்பூசியா, கப்பி என்ற அயல்நாட்டு மீன்களை விடும் பழக்கம். லேட்டரைட்டைக் கல்லாக வெட்டி எடுப்பது மீனின் வீட்டையே வெட்டி எடுப்பது. ஆழ்துளைக் கிணறு போட்டு நீர்மட்டம் இறங்கினால் மேல்மட்டத் துளைகள் காய்ந்துபோகும். ஒரே ஊரின் அடியில் மட்டும் வாழும் இனம் என்றால் இதில் ஏதாவது ஒன்றே போதும்.

கேரளத்துக்கு வெளியிலும் இவை கிடைக்கின்றன. 2021இல் பெயர் பெற்ற ரக்தமிக்திஸ் மும்பா என்ற கண்ணில்லாத சேற்று விலாங்கு, மும்பை ஜோகேஸ்வரியில் ஒரு பார்வையற்றோர் பள்ளியின் கிணற்றில் கிடைத்தது. கதையில் எழுதினால் நம்ப மாட்டீர்கள்; நடந்திருக்கிறது. ஆந்திரத்தில் ஒய். ரங்கா ரெட்டி ஆழ்துளைக் கிணற்று நீரை வடிகட்டியே கண்ணில்லாத நுண் கணுக்காலிகள் பலவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் கேரளத்தின் அதே செம்பூரான் தரை தொடர்கிறது. அந்தப் பக்கம் கிணறு உள்ளவர்கள் தூர் வாரும்போது சேற்றை உடனே வீசாமல் ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்க்கலாம். மோட்டார் குழாய் தொட்டிக்குள் விழும் வாயில் பழைய கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டி இரவு முழுக்க விட்டால் போதும். ஏதாவது சிவப்பாக நெளிந்தால் முனிசிபல் தண்ணீரில் போடாதீர்கள், அதில் குளோரின் இருக்கும். கிணற்று நீரிலேயே, மூடிய பாத்திரத்தில், வெளிச்சம் படாமல் வையுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், கிணற்றின் ஆழத்தையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள், அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறைக்கோ மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ சொல்லுங்கள். அவர்கள் வந்து சேரும்வரை அதற்குத் தீனி எதுவும் போட வேண்டாம். பட்டினி அதற்குப் புதிதில்லை.